சட்டை மாற்றிய காலரா: 1992 மெட்ராஸும் ஒரு இறால் ஓடும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)

பாண்டிச்சேரியில இருந்து பேசுறேன். இன்னிக்கு எபிசோடோட கேள்வி ஒரு வரிதான்: ஒரு பாக்டீரியா, தனக்குச் சம்பந்தமே இல்லாத டிஎன்ஏவை வெளியில இருந்து எப்போ உள்ள எடுத்துக்கும்? "எப்படி எடுக்கும்"ங்கிறது பாதிக் கதை. "எப்போ எடுக்கணும்னு அது எப்படி முடிவு பண்ணுது"ங்கிறதுதான் மீதிக் கதை, அதுதான் சுவாரசியமான பாதி.

இது காலேஜ் பயாலஜி சிலபஸ் மாதிரி தெரியலாம். ஆனா இந்தக் கேள்விக்கான மிகப் பெரிய உதாரணங்கள்ல ஒண்ணு இங்கிருந்து ஈசிஆர் ரோட்டுல மூணு மணி நேரத் தூரத்துல, 1992-ல சென்னையில வெளிச்சத்துக்கு வந்துச்சு. அப்போ அந்த ஊர் பேரு மெட்ராஸ். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

138-ல இல்லாத ஒண்ணு

1992 அக்டோபர். மெட்ராஸ்ல கடுமையான வயிற்றுப்போக்கோட நோயாளிகள் வர்றாங்க. பார்த்தா அப்படியே காலரா. கஞ்சித் தண்ணி மாதிரி பேதி, சில மணி நேரத்துலயே கண்ணு உள்ள போய், தோல் சுருங்கிடுது. ஆய்வகத்துல பார்த்தா காலரா கிருமிதான், விப்ரியோ காலரே. அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு சிக்கல்.

காலராவை உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. ஓ1 ஆன்டிசீரம்னு ஒரு திரவம். அதுல கிருமியைக் கலந்தா, திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா ஒட்டிக்கும். அப்படி ஒட்டினா கொள்ளைநோய் பரப்புற காலரா. ஒட்டலைன்னா, பெரிய அளவுல பரவாத சாதாரண விப்ரியோ, கவலை வேண்டாம். அதுவரைக்கும் இருந்த நம்பிக்கை இதுதான். விப்ரியோ காலரேயில நிறைய வகை இருந்தாலும், கொள்ளைநோயைக் கிளப்புறது ஓ1 மட்டும்தான்னு எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லிச்சு.

மெட்ராஸ்ல வந்த கிருமி ஒட்டல. ஓ1 இல்ல. சரி, வேற எது? அதுக்கு முன்னாடி பட்டியல் போட்டு வெச்சிருந்த 138 வகைகளோடயும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. எதோடயும் பொருந்தல. அதனால புது நம்பர் கொடுத்தாங்க: ஓ139.

அடுத்த சில மாசத்துல வேலூர், மதுரை, கல்கத்தான்னு பரவுச்சு. டிசம்பர்ல வங்கதேசம். அங்க 1993 மார்ச் முடியுறதுக்குள்ள ஒரு லட்சத்துக்கும் மேல நோயாளிகள், ஆயிரத்துக்கும் மேல சாவு. அப்புறம் நேபாளம், தாய்லாந்து, சீனான்னு போச்சு. கல்கத்தாவுல இருக்கிற தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. ராமமூர்த்தியும் அவரோட சக ஆய்வாளர்களும் 1993-ல லான்செட் இதழ்ல இந்தப் புது ரகத்தைப் பத்தி எழுதினாங்க. உலகத்துல அதுவரைக்கும் ஏழு காலரா பெருந்தொற்று. ஏழாவது 1961-ல இந்தோனேஷியாவுல ஆரம்பிச்சது, இன்னும் முடியல. இது எட்டாவதோன்னு பயந்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, யாருக்கு வந்துச்சுங்கிறது. காலரா அடிக்கடி வர்ற ஊர்ல வழக்கமா குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுவாங்க. பெரியவங்களுக்குப் பழைய தொற்றுகளால ஓரளவு எதிர்ப்புசக்தி இருக்கும். ஓ139 வந்தப்போ நோயாளிகள்ல பெரியவங்கதான் அதிகம். அதாவது, வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வெச்ச எதிர்ப்புசக்தி இந்தக் கிருமியை அடையாளமே கண்டுபிடிக்கல.

உள்ள பழைய ஆளு, வெளிய புது சட்டை

இந்தக் கிருமி எங்கிருந்து வந்துச்சு? அதோட மரபணுக்களைப் பிரிச்சுப் பார்த்தப்போ கிடைச்ச பதில் ஆச்சரியமானது. ஓ139 புது ஆளே இல்ல. நமக்கு நல்லாத் தெரிஞ்ச எல் டோர் ஓ1 காலராதான் அது. அதே நச்சு, கிட்டத்தட்ட அதே மரபணுத் தொகுப்பு. மாறினது முக்கியமா ஒரே ஒரு இடம்.

பாக்டீரியாவோட மேல்தோல்ல சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கிட்டு இருக்கும். அதைத்தான் ஓ ஆன்டிஜென்னு சொல்றாங்க. நம்ம எதிர்ப்புசக்தி அந்தச் சங்கிலியைப் பார்த்துத்தான் கிருமியை அடையாளம் கண்டுபிடிக்குது. போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வாட்ச்மேன் மாதிரி. அந்தச் சட்டையைத் தைக்கிற மரபணுக்கள் எல்லாம் குரோமோசோம்ல ஒரே இடத்துல வரிசையா இருக்கு. ஓ139-ல, ஓ1 சட்டைக்கான சுமார் 22 ஆயிரம் எழுத்து நீளமுள்ள துண்டு காணோம். அதே இடத்துல சுமார் 35 ஆயிரம் எழுத்து நீளத்துக்கு வேற எங்கிருந்தோ வந்த துண்டு உட்கார்ந்திருக்கு.

இது சாதாரண மரபணுப் பிழை இல்ல. பிழைன்னா ஒரு எழுத்து மாறும், ரெண்டு எழுத்து விழும். இங்க நடந்தது ஒரு அத்தியாயத்தையே கிழிச்சுட்டு வேற புத்தகத்தோட அத்தியாயத்தைத் தைச்ச மாதிரி. அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற மரபணு இல்ல இது. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இருந்து வந்தது.

செத்தவங்ககிட்ட இருந்து வர்ற சொத்து

பாக்டீரியா இப்படிச் செய்யும்ங்கிறது பழைய செய்திதான். 1928-ல லண்டன்ல ஃபிரெட் கிரிஃபித் நிமோனியாக் கிருமியை வெச்சு ஒரு சோதனை பண்ணார். உறை போட்ட கிருமி எலியைக் கொல்லும். உறை இல்லாத கிருமி ஒண்ணும் பண்ணாது. உறை போட்டதைச் சூடுபடுத்திச் சாகடிச்சு, உறை இல்லாத உயிருள்ள கிருமியோட கலந்து ஊசி போட்டார். ரெண்டுமே தனித்தனியா ஆபத்தில்லாததுதான். ஆனா எலி செத்துப்போச்சு. எலிக்குள்ள இருந்து உறை போட்ட, உயிருள்ள கிருமியை எடுத்தார். செத்த கிருமியில இருந்து ஏதோ ஒண்ணு உயிருள்ளதுக்குப் போயிருக்கு. அந்த "ஏதோ ஒண்ணு" டிஎன்ஏதான்னு 1944-ல நியூயார்க்ல ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி நிரூபிச்சாங்க. டிஎன்ஏதான் மரபுப் பொருள்ங்கிறதுக்கு முதல் வலுவான ஆதாரமே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

ஆனா காலராக் கிருமி? பல வருஷம் ஆய்வகத்துல வளர்த்தும், அது இந்த வேலையைத் தானாச் செஞ்சு யாரும் பார்க்கல. சத்தான சூப்புல வளர்த்து, டிஎன்ஏவைப் பக்கத்துல வெச்சாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனா அதோட மரபணு வரிசை 2000-ல வெளியானப்போ, டிஎன்ஏவை இழுக்கத் தேவையான கருவிகளோட மரபணுக்கள் எல்லாம் உள்ள இருந்துச்சு. கருவி இருக்கு, சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. சுவிட்ச் எங்க?

சுவிட்ச் இருந்த இடம்: ஓடு

காலராக் கிருமிக்கு நம்ம குடல் ஒரு டூரிஸ்ட் ஸ்பாட்தான். சொந்த ஊர் தண்ணி. அதுவும் கழிமுகம், ஆறும் கடலும் கலக்குற உப்புநீர். நம்ம பக்கத்துல அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேருதே, அந்த மாதிரி இடம். அங்க தண்ணியில கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் ஒரு மில்லிமீட்டர் அளவுல குட்டிக் குட்டி உயிரினங்கள் மிதக்கும். கோப்பிபாட்னு பேரு. இறால், நண்டுக்குச் சொந்தக்காரங்க. வளர வளர ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டே இருப்பாங்க. அந்த ஓடு கைட்டின்கிற பொருள்னால ஆனது. இறால் உரிக்கும்போது நீங்க குப்பையில போடுறீங்களே, அதுல இருக்கிற அதே பொருள். காலராக் கிருமி அந்த ஓட்டுல ஒட்டி, அதையே தின்னு, அதுமேலயே காலனி கட்டி வாழும்.

2005-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல கேரி ஸ்கூல்னிக் குழுவில கரின் மெய்போம், மெலனி பிளோக்கெஷ் இவங்க எல்லாம் சேர்ந்து சயன்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. சூப்புல வளர்க்காம, கைட்டின் மேல வளர்த்தா, காலராக் கிருமி டிஎன்ஏவை இழுக்க ஆரம்பிக்குது. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் தப்பான சாப்பாட்டைப் போட்டுட்டு "இது ஏன் வேலை செய்யல"ன்னு கேட்டிருக்கோம்.

மூணு கேள்விக்கும் "ஆமா" வந்தாதான்

இப்போ எபிசோடோட நடுப்பகுதிக்கு வர்றோம். அந்நிய டிஎன்ஏவை உள்ள விடுறது ஆபத்தான வேலை. முன்பின் தெரியாத பென்டிரைவை உங்க லேப்டாப்ல சொருகுற மாதிரி. வேலைக்கு ஆகுற ஃபைலும் இருக்கலாம், மொத்த சிஸ்டத்தையும் காலி பண்றதும் இருக்கலாம். கருவிகளைத் தயாரிக்கவும் நிறையச் சக்தி செலவாகும். அதனால கிருமி இதை எப்பவும் திறந்து வெச்சிருக்காது. மூணு கேள்வி கேட்கும்.

முதல் கேள்வி: நான் ஓட்டு மேல இருக்கேனா? கைட்டினைக் கரைக்கும்போது சின்னச் சின்னச் சர்க்கரைத் துண்டுகள் வெளிவரும். அதைக் கிருமியோட சவ்வுல உட்கார்ந்திருக்கிற டிஎஃப்ஓஎஸ்ங்கிற புரதம் உணரும். உடனே அது ஒரு குட்டி ஆர்என்ஏவைத் தயாரிக்கச் சொல்லும். அந்தக் குட்டி ஆர்என்ஏ எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. அதோட வேலையே வேற. டிஎஃப்ஓஎக்ஸ்னு ஒரு முக்கியமான புரதம் இருக்கு, இந்த நாடகத்தோட மேனேஜர்னு வெச்சுக்கோங்க. அதோட செய்தி ஆர்என்ஏ எப்பவும் கொஞ்சம் தயாராகிக்கிட்டுதான் இருக்கும். ஆனா தலைப்பகுதி மடிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். கவர் ஒட்டின லெட்டர் மாதிரி. படிக்க முடியாது. குட்டி ஆர்என்ஏ வந்து அந்த மடிப்பைப் பிரிச்சு விடும். அப்பதான் லெட்டர் படிக்கப்படும், மேனேஜர் வேலைக்கு வருவார்.

இந்த டிசைன்ல ஒரு லாபம் இருக்கு. எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுத வேண்டியதில்ல. லெட்டர் ரெடியா இருக்கு, பிரிச்சா போதும்.

ரெண்டாவது கேள்வி: என் ஆளுங்க பக்கத்துல இருக்காங்களா? பாக்டீரியாக்கள் ஒண்ணுக்கொண்ணு வேதிப்பொருள் மூலமாப் பேசும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா ஒரு சிக்னலை வெளியில விடும். தனியா இருந்தா அது தண்ணியில கரைஞ்சு போயிடும். கூட்டமா இருந்தா சேர்ந்து செறிவாகும். செறிவு ஒரு எல்லையைத் தாண்டினா, ஹெச்ஏபிஆர்னு ஒரு புரதம் உருவாகும். காலராக் கிருமி ரெண்டு வகை சிக்னலை அனுப்புது. ஒண்ணு பல இன பாக்டீரியாக்களும் பேசுற பொது பாஷை. இன்னொண்ணு பெரும்பாலும் விப்ரியோ குடும்பத்துக்குள்ள மட்டும் பேசுற வீட்டு பாஷை. டிஎன்ஏ இழுக்குற முடிவுல இந்த வீட்டு பாஷைக்குத்தான் முக்கியத்துவம். ஏன்? சொந்தக்காரங்க கூட்டமா இருந்தா, பக்கத்துல மிதக்குற டிஎன்ஏவும் சொந்தக்காரங்களோடதா இருக்க வாய்ப்பு அதிகம். அது தனக்குப் பொருந்தவும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஹெச்ஏபிஆர் இன்னொரு வேலையும் செய்யும். கூட்டம் இல்லாதப்போ காலராக் கிருமி வெளியில ஒரு கத்தரிக்கோலை அனுப்பும், டிஎன்ஏவை நறுக்குற நொதி. நறுக்கின துண்டு வெறும் சாப்பாடு. கூட்டம் சேர்ந்ததும் ஹெச்ஏபிஆர் அந்தக் கத்தரிக்கோலை நிறுத்திடும். அதாவது, தனியா இருக்கும்போது டிஎன்ஏ தீனி. கூட்டத்துல இருக்கும்போது அதே டிஎன்ஏ தகவல். ஒரே பொருளை எப்படிப் பார்க்கணும்ங்கிறதையே சூழ்நிலையைப் பார்த்து மாத்திக்குது.

இது எவ்வளவு முக்கியம்னா, 2000-ல முதன்முதலா முழு மரபணு வரிசை எழுதப்பட்ட காலராக் கிருமி ரகத்துல இந்த ஹெச்ஏபிஆர் மரபணு பழுதா இருக்கு. அதனால அந்த ரகத்தைக் கைட்டின் மேல வளர்த்தாலும் டிஎன்ஏவை இழுக்காது. ஓடு இருக்கு, மேனேஜர் இருக்கார், ஆனா ரெண்டாவது கேள்விக்குப் பதில் வரல. கதவு திறக்கல.

மூணாவது கேள்வி: நல்ல சாப்பாடு வேற இருக்கா? குளுக்கோஸ் மாதிரி சுலபமான சர்க்கரை பக்கத்துல இருந்தா, முழு ஏற்பாடும் அடங்கிடும். வயிறு நிறைஞ்சிருக்கும்போது எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்? ஆய்வகச் சூப்புல இத்தனை காலம் இது தூங்கிக்கிட்டு இருந்ததுல ஆச்சரியமே இல்ல.

மூணுக்கும் சரியான பதில் வந்தா, இழுக்குறதுக்குத் தேவையான மரபணுக்கள் எல்லாம் ஒண்ணா விழிக்கும்.

தூண்டில் போட்டு இழுக்குறது

கருவிகள்ல முதல்ல வர்றது ஒரு மெல்லிசான இழை. கிருமியோட உடம்புல இருந்து வெளிய நீளும், திரும்ப உள்ள சுருங்கும். 2018-ல அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகத்துல அங்கூர் டாலியா குழு, இந்த இழையையும் டிஎன்ஏவையும் ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வீடியோவே எடுத்தாங்க. இழை வெளிய வருது, நுனி டிஎன்ஏவைத் தொடுது, சுருங்கி டிஎன்ஏவோட உள்ள போகுது. தூண்டில் போட்டு மீன் இழுக்குற மாதிரியே இருக்கும்.

வெளிச்சவ்வைத் தாண்டினதும் இன்னொரு புரதம் டிஎன்ஏவைப் பிடிச்சுக்கும், வந்த வழியா நழுவாம. உள்சவ்வுல இருக்கிற துளை வழியா ரெட்டை இழையில ஒரு இழை மட்டும்தான் போகும். உள்ள போன இழை தன்னைப் போலவே இருக்கிற இடத்தைக் குரோமோசோம்ல தேடும். பொருந்தின இடத்துல சேர்ந்துக்கும்.

இங்கதான் சட்டை மாறின ரகசியம். சட்டை மரபணுக்கள் வகைக்கு வகை வேற. ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற மரபணுக்கள் எல்லா வகையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணு. ரயில் பெட்டி மாதிரி யோசிங்க. பெட்டி ஏசியோ, அன்ரிசர்வ்டோ, ரெண்டு முனையிலயும் கொக்கி ஒண்ணுதான். அதனால ஒரு பெட்டியைக் கழட்டிட்டு வேற பெட்டியை மாட்டலாம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கொடூரமானது. 2015-ல பிளோக்கெஷ் குழு, இப்போ சுவிட்சர்லாந்துல, கண்டுபிடிச்சது: டிஎன்ஏ இழுக்குற அதே ஏற்பாடு, ஒரு நச்சு ஈட்டியையும் கூடவே இயக்குது. பக்கத்துல இருக்கிற, தன் ரகம் இல்லாத கிருமியைக் குத்தும். அது வெடிச்சு டிஎன்ஏவைக் கொட்டும். அதை இவர் இழுத்துப்பார். செத்தவங்க சொத்துக்காகக் காத்திருக்கிறது மட்டும் இல்ல, சில சமயம் தானே ஆளை முடிச்சுட்டுச் சொத்தை எடுத்துக்கறார்.

கண்ணெதிரே சட்டை மாறுது

2007-ல பிளோக்கெஷும் ஸ்கூல்னிக்கும் நேரடியா இதையே சோதிச்சாங்க. கடல்நீர்ல கைட்டின் பரப்பை வெச்சாங்க. அதுல ஓ1 எல் டோரையும், ஓ139-ஐயும் சேர்த்து வளர்த்தாங்க. கொஞ்சம் ஓ1 கிருமிகள் ஓ139-ஆ மாறிடுச்சு. ஒவ்வொரு மரபணுவா இல்ல, பெரிய துண்டாக ஒரே தடவையில. மாறினதுக்கு உடனடி லாபமும் இருந்துச்சு. ஓ1 சட்டையைப் பார்த்துத் தாக்குற வைரஸ் ஒண்ணு இருக்கு. சட்டை மாறினவங்களை அந்த வைரஸால தொட முடியல.

இதை யோசிச்சுப் பாருங்க. நம்ம எதிர்ப்புசக்தியை ஏமாத்த அது சட்டை மாத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்ல. தண்ணியில ஒரு வைரஸ்கிட்ட இருந்து தப்பிக்க மாத்தியிருக்கலாம். அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்லாத ஒரு சண்டை. மாட்டிக்கிட்டது மெட்ராஸ்வாசி. 1992-க்கு முன்னாடி எந்தக் கழிமுகத்துல, எந்த ஓட்டு மேல முதல் மாற்றம் நடந்துச்சுங்கிறதைப் பார்த்த சாட்சி கிடையாது. ஆனா அப்படி நடக்கத் தேவையான எல்லாமே இயற்கையில தயாரா இருக்குன்னு இந்தச் சோதனை காட்டிடுச்சு.

மெட்ராஸ் கிருமி கொண்டு வந்த இன்னொரு பார்சல்

மெட்ராஸ்ல எடுத்த அந்த ஓ139 கிருமியில ஆய்வாளர்கள் இன்னொண்ணும் பார்த்தாங்க. 1996-ல மேத்யூ வால்டோர், ஜான் மெக்காலனோஸ் குழு விவரிச்சது. எஸ்எக்ஸ்டின்னு பேர் வெச்ச ஒரு மரபணுத் தொகுப்பு. அதுக்குள்ள சல்ஃபமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், நாலுக்கும் எதிர்ப்பு. இது ஓட்டு மேல இழுக்குற வழியில போறதில்ல. ரெண்டு கிருமி ஒண்ணை ஒண்ணு தொட்டு, நேரடியாக் கை மாத்துற வழி. அதே வருஷம் அதே ரெண்டு பேர் இன்னொண்ணும் சொன்னாங்க: காலராவோட நச்சு மரபணுவே ஒரு வைரஸ் கொண்டு வந்து வெச்சதுதான். ஆக, நச்சு வைரஸ்கிட்ட இருந்து. மருந்து எதிர்ப்பு கை மாத்தினது. சட்டையை ஓட்டு மேல இழுத்திருக்கலாம். ஒரே கிருமி, மூணு விதமான கடன்.

ஓ139 எட்டாவது பெருந்தொற்றா மாறல. 1994-லயே ஓ1 திரும்ப மேல வந்துச்சு. போகப் போக ஓ139 ஒதுங்கிடுச்சு. ஆனா எஸ்எக்ஸ்டி ஒதுங்கல. ஆசியாவில திரும்ப வந்த ஓ1 கிருமிகள்ல பெரும்பாலானதுல எஸ்எக்ஸ்டியோ அதோட உறவோ உட்கார்ந்திருந்துச்சு. சட்டை போச்சு, பார்சல் தங்கிடுச்சு.

இது நம்ம வீட்டு மருந்துப் பெட்டிக்குள்ளயும் இருக்கு

"சரி ப்ரோ, எனக்கு என்ன?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி.

எஸ்எக்ஸ்டி எப்போ கை மாறும்ங்கிறதுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கு. சாதாரணமா ஒரு புரதம் அதை அடக்கி வெச்சிருக்கும். கிருமியோட டிஎன்ஏ அடிபட்டா ஒரு அபாயச் சங்கு ஊதும். அப்போ அந்த அடக்குற புரதம் உடையும், எஸ்எக்ஸ்டி அடுத்த வீட்டுக்குக் கிளம்பும். 2004-ல நேச்சர் இதழ்ல வால்டோர் குழு காட்டினது இதுதான். அந்தச் சங்கை ஊத வைக்கிற மருந்துகள்ல ஒண்ணு சிப்ரோஃப்ளாக்சசின். ஆமா, லூஸ் மோஷன்னா மெடிக்கல் ஷாப்ல நம்மளே பேர் சொல்லிக் கேட்டு வாங்குற அதே மாத்திரை.

கிரிஃபித்தோட நிமோனியாக் கிருமியும் இதே மாதிரிதான். 2006-ல பிரான்ஸ்ல நடந்த ஆய்வுல, சில ஆன்டிபயாடிக்குகள் பட்டா அது டிஎன்ஏ இழுக்குற நிலைக்குப் போகுதுன்னு தெரிஞ்சுது. அதாவது ஆன்டிபயாடிக் ரெண்டு வேலை பண்ணுது. எதிர்ப்பு இல்லாதவங்களைக் கொன்னு, எதிர்ப்பு உள்ளவங்களுக்கு இடம் கொடுக்குது. இது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது கம்மியாத் தெரிஞ்ச விஷயம்: பாதி அடிபட்டு உயிரோட தப்பிச்ச கிருமிக்கு, "வெளியில ஏதாவது உதவி கிடைக்குமா பாரு"ன்னு சிக்னலும் கொடுத்துடலாம்.

இதுக்கு அர்த்தம் ஆன்டிபயாடிக்கே வேண்டாம்ங்கிறது இல்ல. கடுமையான காலராவுக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுப்பாங்க, நோய்க்காலம் குறையும். தேவையில்லாத இடத்துல, தேவையில்லாத டோஸ்ல போடுறதைத்தான் சொல்றேன். போன தடவை மிச்சமிருந்த ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கறது, ஒரு நாள் போட்டுட்டு நிறுத்துறது, இதெல்லாம்.

காலராவுல உயிரைக் காப்பாத்துறது முதல்ல தண்ணியும் உப்பும்தான். கடுமையான கேஸ்ல மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட உடம்புல இருந்து வெளியேறும். 1971-ல வங்கதேச அகதிகள் முகாம்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ், சலைன் தீர்ந்து போனப்போ உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாத்தினார். ஓஆர்எஸ் பாக்கெட் கிடைச்சா அதுதான் நல்லது. இல்லைன்னா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறாம. நிக்காம போனா, உடனே ஆஸ்பத்திரி.

ரொம்பத் தூரத்துக் கதை இல்ல

காலரா தாத்தா காலத்து நோய்னு நினைக்காதீங்க. 2022 ஜூலை தொடக்கத்துல நம்ம யூனியன் பிரதேசத்துலயே, காரைக்கால்ல வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க. ஸ்கூல், காலேஜுக்கு லீவு விட்டாங்க. கிருமி எவ்வளவு கெட்டிக்காரத்தனமா சட்டை மாத்தினாலும், நம்ம வயித்துக்குள்ள வர அதுக்கு ஒரே வழிதான், வாய். குடிநீர்க் குழாய்ல சாக்கடை கலக்காம இருந்தா, குளோரின் சரியாப் போட்டா, இந்த மூளை எல்லாம் ஓட்டு மேலயே நின்னுடும்.

ஓடுன்னதும் ஒரு ஆய்வு. ரீட்டா கோல்வெல்ங்கிற விஞ்ஞானியும் குழுவும் வங்கதேசக் கிராமங்கள்ல செஞ்சது, 2003-ல வெளிவந்துச்சு. பழைய பருத்திப் புடவையைக் குறைஞ்சது நாலு மடிப்பா மடிச்சு, குளத்துத் தண்ணியை அதுல வடிகட்டிக் குடிக்கச் சொன்னாங்க. காலரா 48 சதவீதம் குறைஞ்சுது. புடவை நூலிடுக்கு வழியா ஒத்தைப் பாக்டீரியா சுலபமாப் போயிடும். ஆனா கோப்பிபாட் போகாது. ஓட்டைப் பிடிச்சா, ஓட்டு மேல குடியிருக்கிற ஆயிரக்கணக்கான கிருமியும் சேர்ந்து மாட்டிக்கும். நம்ம பாட்டிங்க குடத்து வாயில துணி கட்டினதுக்கு இப்படி ஒரு விளக்கமும் இருக்கு. நகரத்துக் குழாய்த் தண்ணிக்கு இது மாற்று இல்ல, கொதிக்க வைக்கிறதுதான் சரி.

கடைசியா ஒண்ணு. 2009-ல இந்தியாவில அனுமதி கிடைச்ச ஷான்கால்ங்கிற வாய்வழி காலரா தடுப்புமருந்து, ஹைதராபாத்ல தயாரானது. அதுல ஓ1 கிருமியோட, ஓ139-உம் சேர்த்து வெச்சாங்க, ரெண்டுமே சாகடிச்சது. மெட்ராஸ்ல யாராலயும் அடையாளம் காண முடியாத அந்தச் சட்டையை, நம்ம உடம்பு முன்கூட்டியே பார்த்து வெச்சுக்கட்டும்னு.

அடுத்த தடவை வீட்டுல இறால் உரிக்கும்போது அந்த ஓட்டைக் கொஞ்சம் மரியாதையாப் பாருங்க. உரிச்ச கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.